சோளனில் ஏறிய கொடி

என் பிள்ளைகளின் உம்மாவுக்கு, ஸலாம்.

போனில் சொல்ல முடியவில்லை, மூத்தவள் பக்கத்திலேயே நிற்கிறாள். குவைத்துக்குத் திரும்பும் அடுத்த வீட்டுக்காரரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நீ சொன்னபடி மாவடிப்பள்ளித் தோட்டத்தில் சோளனுக்கு நடுவே பயற்றங்காய் போட்டேன். ஆனால் அவசரப்பட்டு இரண்டு விதையையும் ஒரே நாளில் ஊன்றிவிட்டேன். சோளன் தண்டு பிடிக்கமுன் கொடி ஏறிப் பாதியைச் சாய்த்துவிட்டது. கம்பு நட்டுக் கட்டிக் கட்டி இடுப்பு முறிகிறது. கொடியில் ஒரு பிழையும் இல்லை.

சின்னவர்கள் இருவரும் சுகம். மூத்தவள்தான் சமைத்து, குளிப்பாட்டி, அவர்களை மத்ரஸாவுக்கு அனுப்புகிறாள். அவள் பள்ளிக்கூடம் போய் ஒரு மாதமாகிறது. போன கிழமை சோறு வடிக்கும்போது நின்றபடியே கண்ணயர்ந்து, கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டாள். "நான் சமாளிப்பன் வாப்பா, உம்மாக்கிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்றாள். பதின்மூன்று வயது.

வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டட்டுமா என்று நீ கேட்டபோது ஓம் என்றேன். அதுவும் அவசரத்தில் சொன்னதுதான். கடதாசியில் கையெழுத்துப் போடாதே. வீடு பூசாமலே கிடக்கட்டும், வந்துவிடு புள்ள.

உன் பிள்ளைகளின் வாப்பா