வடக்குச் சுவரில் ஓதம்

பிப்ரவரி 4

கிறிஸ்தோபரின் தாடி உதிர்ந்துவிட்டது. கோயிலைப் பெருக்கப் போனால் பெஞ்சு முழுக்கச் செங்காவித் துகள். ஐந்நூறு ஆண்டுகளாகக் குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து, வடக்குச் சுவர் ஓவியத்தில் ஆற்றைக் கடந்துகொண்டிருக்கும் புனிதர். அவரைப் பார்த்த நாளில் சாவு வராது என்று நம்பி, வயலுக்குப் போகிறவர்கள் வாசலில் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டுப் போவார்களாம். இப்போது அவர் மேல் ஈரம் ஊறிப் பச்சை ஓதம்.

வெளிப்புறக் கல் இடுக்குகளில் சுண்ணாம்புச் சாந்து இருந்தவரை, உள்ளே போன ஈரம் வெளியேறிவிடும். அதைச் சுரண்டிவிட்டு சிமென்ட் அடைத்திருக்கிறார்கள். ஈரம் வேறு வழியில்லாமல் படத்தின் வழியாக வருகிறது. அடைத்தவர் கோயில் பொறுப்பாளர் வில்ஃப்ரட் தர்லோ. சொந்தக் கையால், சனிக்கிழமைகளில், இலவசமாக. அதனால் யாரும் வாய் திறப்பதில்லை.

பிப்ரவரி 11

கமிட்டி. காபி எந்திரம் பற்றி ஒரு மணி நேரம். சுவர் கடைசியில்.

"பாவம், மழையில நின்னு பூசின மனுஷன்" என்றாள், பூ அலங்காரம் செய்யும் மாவிஸ்.

"ஹெஸ்டர், அந்த சிமென்ட் நீ கிழவியானாலும் அசையாதும்மா" என்றார் தர்லோ.

"அதுதான் பிரச்சினையே, மிஸ்டர் தர்லோ!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்கா சொன்னேன்?

ஆயர் ஃபிலிப்பாவின் பொறுப்பில் ஆறு கோயில்கள். கார்ச் சாவி கையைவிட்டு இறங்குவதே இல்லை. மேலிடமான பேராயத்திடம் அனுமதி கேட்கலாம் என்றார். அது வருவதற்குள் முகமே போய்விடும்.

பிப்ரவரி 19

ஐயோ. சுவரோடு ஒட்டி ஹீட்டர்!

"துணி காயற மாதிரி காஞ்சிரும்மா" என்கிறார் தர்லோ. சட்டென்று காய்ந்தால் சுவரின் உப்பு வெடித்துக் கிளம்பும், படம் பொருக்குப் பொருக்காக விழும் என்று எத்தனை தரம் சொல்வது? பிளக்கைப் பிடுங்கினேன். கத்தினேன். இந்த ஆளுக்கு நல்ல மனசு மட்டும் இல்லாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பிப்ரவரி 20

மூக்கும் ஒரு கண்ணும் போயிற்று. தர்லோ எதிர்ப் பெஞ்சில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் விழுந்த பொருக்குகளைப் பெருக்கினேன்.

மார்ச் 2

வடக்குப் பக்கம் டக் டக் என்று சத்தம். தர்லோ ஏணி மேல், உளியும் சுத்தியலுமாக. சிமென்டைப் பெயர்க்கிறார்!

"அனுமதி இல்லாம கை வைக்கலாமா?"

"பூசும்போது மட்டும் யாரு கேட்டா?"

"கல்லு உடையும், மெதுவா! முதல்ல இறங்குங்க!"

"திட்டறதுன்னா ஏணியப் புடிச்சிக்கிட்டுத் திட்டு. ஆடுது."

பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டேதான் திட்டினேன்.

ஜூன் 16

சுவர் முழுக்கக் காய இன்னும் வருடங்கள் ஆகும். ஆனால் உதிர்வது நின்றுவிட்டது. கிறிஸ்தோபருக்குப் பாதி முகம் இல்லை. குழந்தை முழுசாக இருக்கிறது.

பேராயத்திலிருந்து ஒருவர் வந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு வெளியே வந்து, அனுமதியில்லாமல் சிமென்டை எடுத்தது யார் என்று கேட்டார். தர்லோ தொண்டையைச் செருமினார்.

"நாங்கதான்" என்றேன்.

"இந்தப் பொண்ணு ஏணிய மட்டுந்தான் புடிச்சுது, சார்" என்றார் தர்லோ.

இப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிகிறதா இந்த மனுஷனுக்கு!