அப்பாவின் முப்பத்தாறாயிரம் பாயிண்ட்

புதுக்கோட்டை,
தூத்துக்குடி மாவட்டம்.
மாசி 10

அன்பு மகள் சந்தனச்செல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவுக்கு வாய் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் சுகம். அங்கே நீ எப்படி இருக்கிறாய், மாப்பிள்ளை மகாராஜன் எப்படி இருக்கிறார், வயிற்றுப் பிள்ளை நன்றாக உதைக்கிறதா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரஷர் குறைந்ததா, கால் வீக்கம் வடிந்ததா, உப்பைக் குறைத்தாயா அல்லது ஊறுகாய் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறாயா? விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் உன்னிடம் சொன்ன நாளிலிருந்து நான் நானாக இல்லை. இந்தக் காலத்தில் யார் அம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய், சிரித்துக்கொள். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்லி அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுகிறார், வாட்ஸ்அப் இருப்பதோ அவர் போனில். இது அவர் காதுக்குப் போகக் கூடாத சேதி. காயல்பட்டினம் மூஸா நெய்னா மகன் முஜாஹித் புதன்கிழமை சிங்கப்பூர் திரும்புகிறானாம், அவனிடம் இதையும் ஒரு வளையல் பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன், வளையலைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது நீ கேட்டாய் அல்லவா, அப்பா வைத்திருக்கிற கிரெடிட் கார்டு என் கார்டோடு சேர்த்து வாங்கிக் கொடுத்ததுதான் அம்மா, பாயிண்ட் எல்லாம் என் கணக்கில்தான் விழுகிறது, முப்பத்தாறாயிரம் சேர்ந்திருக்கிறது, ஆனால் ஒரு பாயிண்ட் இருபத்தைந்து காசுதான், மார்ச் முடிந்தால் அதுவும் காலாவதி, ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மிக்ஸி கிக்ஸி வாங்கிவிட்டு மூடிவிடவா, வருடக் கட்டணம்தான் கிடையாதே, சும்மா கிடக்கட்டும் என்று வச்சுக்கவா என்று. நான் பதில் சொல்வதற்குள் குளியலறைக் கதவு திறந்துவிட்டது. இங்கே மழையே இல்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்திருப்பாய். பிசகியது எனக்கு இல்லை, அதைத்தான் எழுதப் போகிறேன்.

அந்தக் கார்டோடு ஒரு புத்தகம் வந்ததே, நினைவிருக்கிறதா? அட்டையில் ஒரு விமானம், ஒரு கடற்கரை, மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஒருத்தன், பின்னால் ஒருத்தி. கட்டணம் ஒரு பைசா இல்லை, செலவு செய்யச் செய்ய உலகத்தையே சுற்றலாமாம். நான் ஆத்தூர் வெற்றிலைக்காரர் மகள், எனக்குக் கொசுறைப் பற்றி வங்கிக்காரன் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் அப்பா ஒரு கவுளி வெற்றிலைக்கு நாலு இலை சேர்த்து வைப்பார், வாங்குகிறவர் மனம் குளிர்ந்து போவார், அந்த நாலு இலையின் விலையை அவர் முதலிலேயே ஏற்றிவைத்திருப்பார். அவராவது நாலு இலையைக் கண்ணெதிரே எண்ணி வைத்தார். இவர்கள் பாயிண்ட் என்று ஒன்றைக் கொடுக்கிறார்கள், அது ரூபாயா, காசா, சோழியா என்று யாருக்கும் தெரியாது, எந்த நாளில் செத்துப்போகும் என்பது அவர்களுக்கு மட்டும் தெரியும். மெத்தென்ற சோபாவில் உட்கார்ந்து காப்பி குடிக்க விமான நிலையத்தில் தனி அறை வேறு உண்டாம். காப்பி குடிக்க நான் எதற்கு விமான நிலையம் போக வேண்டும்?

உன் அப்பா இதையெல்லாம் கேட்கிற ஆளா? கார்டில் வன்னியபெருமாள் என்று பெயர் அச்சடித்திருக்கிறது, அது போதும் அவருக்கு. ஏளா, இது என் பேருல உள்ளது, என் பாயிண்டு என்கிறார். பில் எவ்வளவு என்று நீ சேதி அனுப்புவது உனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். முப்பது வருடம் ஹார்பரில் டாலி கிளார்க்காக நின்று கப்பலில் இருந்து இறங்குகிற மூட்டையை எண்ணிய மனிதர் இப்போது கதவுக்குப் பின்னால் தொங்குகிற காலண்டரில் பாயிண்ட் எண்ணுகிறார். நூறு பாயிண்டுக்கு ஒரு கோடு, நாலு கோடு ஆனதும் குறுக்கே ஒன்று. தருவைகுளத்தில் அவருடைய பழைய சிநேகிதர் நேசக்குமார் இருக்கிறாரே, அவர் படகுக்கு எஞ்சின் வாங்கப் போனால் இவரும் கூடப் போய் நிற்கிறார், ஏலே நேசம், நீ காச எங்கிட்ட கொடு, நான் கார்டுல போடுதேன் என்று. எண்பதாயிரம் ரூபாய் எஞ்சின். கார்டு என்றால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் கூட ஆகும் அண்ணாச்சி என்று கடைக்காரன் சொல்ல, அந்த ஆயிரத்து அறுநூறைத் தன் பையில் இருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மூவாயிரத்து இருநூறு பாயிண்ட் ஏறிருக்குளா, பாதிக்குப் பாதி லாபம் என்று வீட்டுக்கு வந்து காலண்டரில் முப்பத்திரண்டு கோடு போட்டார். அதன் மதிப்பு எண்ணூறு ரூபாய் என்பது இப்போது உனக்கும் எனக்கும் தெரியும். தெருவில் யார் வீட்டில் பிரிட்ஜ் வாங்கினாலும், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்தாலும் இவர் கார்டோடு முன்னால் நிற்கிறார், மாப்பிள்ளைத் தோழன் கூட அப்படி நிற்க மாட்டான். உனக்கு வளைகாப்பு வளையல் எடுக்க நூற்று நாற்பது ரூபாய்க்குக் கார்டை நீட்டினார், முந்நூறுக்குக் குறைந்தால் மெஷினில் போட முடியாது என்று வளையல் கடைக்காரி சொல்லிவிட்டாள். பையில் காசு இருந்தது செல்வி, நான் பார்த்தேன். எடுக்கவில்லை. ஐந்து டஜன் வளையல் வாங்கினார். அதுதான் முஜாஹித் கொண்டுவருகிற பொட்டலம், இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் போட்டுக்கொள்.

இவ்வளவு எதற்காக என்று கேள். மாப்பிள்ளை இரண்டு தடவை டிக்கெட் அனுப்புகிறேன் என்றாரே, அப்பா ஒரு தடவை முழங்கால் வலி என்றார், இன்னொரு தடவை பாஸ்போர்ட்டில் ஏதோ பிழை என்றார். இரண்டும் பொய். போனை வைத்ததும் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா, தலைப்பிள்ளைப் பேறுகாலம் பெத்தவன் செலவு, மருமகன் காசுல ஏறிப் போயி மகளுக்குப் பேறுகாலம் பாக்குததுக்கு நான் இங்கனயே கெடக்கேன் என்றார். கையில் இருந்தது உன் கல்யாணத்திலும் மாடி கட்டியதிலும் போய்விட்டது, கடன் வாங்க ரோஷம் விடாது. அதனால் பாயிண்ட். அது அவர் சம்பாதித்ததாம், யாரும் கொடுத்தது இல்லையாம். முப்பத்தாறாயிரம் பாயிண்டை முப்பத்தாறாயிரம் ரூபாய் என்று கணக்குப் போட்டு, போகவர இரண்டு பேருக்கு இன்னும் ஆயிரம்தான் குறைகிறது, பங்குனி பிறந்ததும் செல்விக்குப் போன் போட்டு டிக்கெட்டை எடுக்கச் சொல்லுதேன் பாரு என்று இருக்கிறார். வாகைக்குளத்தில் இறங்குகிற விமானம் நம் வீட்டுக்கு மேலே போகும்போதெல்லாம் வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்க்கிறார், முழங்கால் வலி அப்போது எங்கே போகிறதோ. நான் இரண்டு வருடமாக அந்தக் கார்டைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் நானும் ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய் என்றுதான் நினைத்திருந்தேன். திட்டிக்கொண்டே நம்பியிருந்தேன். வெள்ளிக்கிழமை நீ இருபத்தைந்து காசு என்றதும் அந்தக் காலண்டரைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது செல்வி. சித்திரை முதல் வாரம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பிரஷர் இருப்பதால் முன்னாலேயே எடுக்க வேண்டி வந்தாலும் வரும் என்றும் நீதான் சொன்னாய். நீ வலியில் அம்மா என்று கூப்பிடுகிற நேரத்தில் நான் இங்கே கதவுக்குப் பின்னால் கோடு எண்ணிக்கொண்டிருக்க முடியாது. உண்மையைச் சொன்னால் அவர் கார்டை இரண்டாக ஒடித்துப் போடுவார், அதோடு பயணமும் போகும், என்னைத் தனியாகவும் அனுப்ப மாட்டார். நேசக்குமார் முன்னால் தலைகுனிந்து நிற்கிற உன் அப்பாவைப் பார்க்கவும் எனக்கு இஷ்டமில்லை, எவ்வளவு திட்டினாலும் அது என் வீட்டுக்காரர். ஆகவே நான் சொல்வதைக் கேள். கார்டை மூடாதே. பங்குனி முதல் வாரத்துக்கு இரண்டு டிக்கெட் நீயே எடு, அந்த ஒன்பதாயிரம் போக மீதியை நீயும் மாப்பிள்ளையும் போட்டுக்கொள்ளுங்கள். எடுத்தபிறகு அப்பாவுக்குப் போன் போட்டு, உங்க பாயிண்டுலயே எடுத்தாச்சுப்பா, வங்கியில ஏதோ சலுகையாம், குறைஞ்ச ஆயிரமும் தேவைப்படல என்று சொல். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருப்பேன், அப்படியா என்று ஆச்சரியப்படுவேன். மாப்பிள்ளையிடமும் சொல்லிவை, விமான நிலையத்தில் அவர் வாய் தவறி எதையும் உளறக் கூடாது. பெற்ற தகப்பனிடம் பொய் சொல்லச் சொல்கிறாளே என்று நினைக்காதே, இந்தப் பொய் என் கணக்கில் இருக்கட்டும்.

டிக்கெட் திங்கள், சனி வேண்டாம், கிழக்கே சூலம். வேறு நாள் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, ஒரு டம்ளர் தயிரைக் குடித்துவிட்டு ஏறிவிடுகிறேன். உளுந்தங்களி கிண்ட மாவு திரித்து வைத்துவிட்டேன், கருப்பட்டி ஐந்து கிலோ வாங்கியாகிவிட்டது, அதுவும் கார்டில்தான். நீ இடது பக்கம் ஒருக்களித்துப் படு, மாடிப்படி ஏறாதே, ஆபீஸ் வேலை எங்கேயும் ஓடிப்போகாது.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். நேற்றுத் துடைக்கும்போது காலண்டரைப் பார்த்தேன், நீல மைக் கோடுகளுக்குக் கீழே சிவப்பு மையில் தனியாக நாலு கோடு இருந்தது. எதற்கு என்று கேட்டதற்கு, அது வேற கணக்கு, உன் வேலயப் பாரு என்றார். அவர் கடைக்குப் போனதும் கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன். கோட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் செல்வி, மாப்பிள்ளை, பிள்ளை, மூன்று டிக்கெட், ஊருக்கு என்று எழுதி வைத்திருக்கிறார். பிறக்காத பிள்ளைக்கும் சேர்த்து எண்ண ஆரம்பித்துவிட்டார் அந்த மனிதர். வச்சுக்கவா, மூடிடவா என்று கேட்டாயே. காலணா பெறாத கார்டு அது. வச்சுக்கோ.

நீயும் பிள்ளையும் இரண்டு உயிராகப் பத்திரமாகப் பிரிந்து, நான் இரண்டு பேரையும் மடியில் போட்டுக்கொள்ளும் நாளைத் திருச்செந்தூர் முருகன் சீக்கிரம் கொடுக்கட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு, அப்பா அங்கே வந்தால் உன் மேசை டிராயரை எல்லாம் குடைவார்.

உன் அம்மா,
வ. அருணாசலவடிவு