மூன்றாவது ஸ்லைடு

பிப்ரவரி 9

அன்புள்ள கண்மூடிக்கு,

பத்தொன்பது வருஷம் கழித்து இந்தப் பட்டப்பெயரில் உன்னைக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. போன வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றேன். மேசையைக் காலி செய்தபோது நம் விடுதி அறைப் படம் கிடைத்தது. நீ கட்டிலில் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்கிறாய். நான் பின்னால் நின்று உன் தலைக்குக் கொம்பு வைக்கிறேன்.

"யாருடி அங்க கேட்டுக்கிட்டு இருக்காங்க?" என்பேன். "நீதான் தினமும் கேட்டுக்கிட்டு இருக்கியே!" என்பாய். சிரித்துச் சிரித்து வகுப்புக்குத் தாமதமாகும்.

படத்தோடு பழைய கோபமும் வந்தது. மறைப்பானேன்? உன் மகனுக்குக் காய்ச்சல் கண்ட ஆறாம் நாள். அவன் ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்த முதல் ஸ்லைடில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. டாக்டர் வேறு நோய் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுபடி ரத்தம் எடுத்து, கண் எரிய எரியப் பார்த்து, மூன்றாவதில்தான் மலேரியாக் கிருமியைக் கண்டேன்.

அடுத்த வாரம் பிரார்த்தனைக் கூடத்தில் நன்றி சொல்ல எழுந்தாய். உனக்காக வந்து, கடைசி வரிசையில் நானும் இருந்தேன். "என் பிரார்த்தனைதான் பிள்ளையக் காப்பாத்துச்சு" என்றாய். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் நீ போட்ட கடிதங்களுக்கும் பதில் போடவில்லை.

பையன் எப்படி இருக்கிறான்?

உன் பூதக்கண்ணாடி


பிப்ரவரி 17

என் பூதக்கண்ணாடிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்கப் பயந்து அரைமணி நேரம் மடியிலேயே வைத்திருந்தேன். அவன் நன்றாக இருக்கிறான். பாலம் கட்டும் வேலை. எதற்கெடுத்தாலும் "ஆதாரம் என்னம்மா?" என்கிறான். உன் காற்று அடித்துவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் பிரார்த்தனை செய்யவே இல்லையடி. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கையைக் கூப்பினேன். சிறுவயதிலிருந்து மனப்பாடமானதில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது.

கூடத்தில் எல்லோரும் என் கையைப் பிடித்து, "எல்லாம் உன் பிரார்த்தனையோட சக்தி" என்றார்கள். இல்லை என்று சொல்லத் தைரியமில்லை. உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மற்றதும் வெளியே வந்துவிடும்போல் இருந்தது. இன்றும் தினமும் பிரார்த்தனை செய்கிறேன். அந்த ஒரு நாள் மட்டும் முள்ளாகக் குத்துகிறது.

மன்னிப்பாயா?

உன் கண்மூடி


பிப்ரவரி 25

அடி கண்மூடி,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் குதித்தேன். பிரார்த்தனை இல்லாமலே பிள்ளை பிழைத்தான், என் கட்சி ஜெயித்தது! காபி ஆறுவதற்குள் அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது.

இரண்டாவது ஸ்லைடும் வெறுமையாக இருந்தபோது என் கை நடுங்கியது. யாரிடமும் சொன்னதில்லை. 'அவ வெளிய பிரார்த்தனை பண்ணிக்கிட்டு இருப்பா' என்று நினைத்துக்கொண்டேன். நடுக்கம் நின்றது. அதை யாரோ கேட்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. இன்றும் நம்பவில்லை. நீ செய்கிறாய் என்பதை மட்டும் நம்பினேன். திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால், நீ கண்ணை மூடவே இல்லை என்று தெரிந்திருக்கும். எதையும் மூன்று தடவை பார்க்கிற நான், அதை மட்டும் பார்க்கவில்லை.

பதில் போடாதே. சனிக்கிழமை காலை உன் ஊரிலிருந்து வரும் ரயிலுக்கு இங்கே ஸ்டேஷனில் நிற்கிறேன். நீ வருவாய்.

பூதக்கண்ணாடி