உன் கதையில் இல்லாத சாட்சி

இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் அலுமாரியைத் திறந்து அடையாள அட்டையைத் தேடினேன். வெள்ளிக்கிழமை உன் மகள் துளசிக்குக் கலியாண எழுத்து. மாப்பிள்ளை நோர்வேயிலிருந்து மூன்று வார விடுமுறையில் வந்திருக்கிறார். இப்போது பதிவு, தாலிகட்டு பிறகு. பெண் பக்கத்துச் சாட்சி, உன் சிநேகிதி நான். "அட்டையை மறந்திடாதையுங்கோ தங்கச்சி, பதிவுகாரர் நம்பர் கேப்பார்" என்று உன் கணவர் நேற்றுத் தொலைபேசியில் இரண்டு தரம் சொன்னார். "ஓம் அண்ணை" என்றேன்.

அட்டை கிடைத்தது. அதன் கீழே, பூச்சி உருண்டை மணத்தோடு, உன் சிறுகதை வந்த சஞ்சிகையும் கிடந்தது. நீ கண்மூடி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. கட்டிலில் இருந்தபடி அதை மறுபடி வாசித்தேன்.

கதையில் வரும் மதி, பஸ்ஸில் மணியடிக்கக் கூச்சப்பட்டு, அடுத்த தரிப்பில் வேறு யாராவது இறங்கும்போது தானும் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வருகிறவள். வட்டுக்கோட்டை வீதியில் நான் அப்படி எத்தனை நாள் நடந்தேன் என்று உனக்குத்தான் தெரியும். கடைசிப் பக்கத்தில் அவளுக்கு எழுத்து நடக்கிறது. பதிவுகாரர் சம்மதம் கேட்கிறார். மதி தலையை நிமிர்த்தி, "எனக்கு விருப்பமில்லை" என்கிறாள். அவர் பேனையை மூடுகிறார். கதை முடிகிறது.

எனக்கு நடந்தது வேறு. சண்டை ஓய்ந்து பாதை திறந்து, வெளிநாட்டு மாப்பிள்ளைமார் ஊருக்கு வரத் தொடங்கியிருந்த காலம். என் எழுத்துக்கு முதல் நாள் பின்னேரம் உன் வீட்டுக் கிணற்றடியில் வைத்து உன்னிடம் மட்டும் சொன்னேன்: "எனக்கு இது வேண்டாமடி."

நீ துணி அலசுவதை நிறுத்தவில்லை. துளசி அப்போது உன் வயிற்றில். "விசரே உனக்கு? நாளைக்கு எழுத்தை வைச்சுக்கொண்டு இப்ப சொன்னால் கொம்மா செத்துப்போவா. போகப் போகப் பழகிடும்."

மறுநாள் பதிவுகாரர் கேட்டார்: "பிள்ளை, உமக்குச் சம்மதம்தானே?" நான் குனிந்திருந்தேன். மாமா முந்திக்கொண்டார். "அவள் வெக்கப்படுறாள் ஐயா. நீங்கள் எழுதுங்கோ." பின்னாலிருந்து யாரோ, "பொம்பிளை ஓம் எண்டு கத்தினால்தான் மாப்பிள்ளை பயப்பட வேணும்" என்றார். விறாந்தை முழுக்கச் சிரித்தது. நம்மவர்களுக்குப் பெண் பேசாமல் இருந்தால் அது சம்மதம். நான் கையெழுத்து வைத்தேன். அடுத்ததாக, சாட்சியாக, நீ வைத்தாய்.

எழுத்து முடிந்து வெளிநாடு போன மாப்பிள்ளை திரும்பி வரவில்லை. என்னை அங்கே கூப்பிட ஸ்பொன்சர் கடிதம் வரும் என்று ஏழு வருடம் இருந்தேன். சுவிஸில் அவருக்கு ஒரு குடும்பம் இருப்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பதிவை முறிக்க வழக்கு நாலு வருடம் இழுத்தது. அதற்குள் அம்மாவும் போய்விட்டா. அம்மாவுக்காகச் செய்ததை அம்மா கடைசிவரை சுமந்தா.

உன் கதை வெளிவந்த பிறகு ஒரு கூட்டம் வைத்தார்கள். பேசியவர்கள் எல்லாரும் கூச்ச சுபாவமுள்ள பெண்ணின் வளர்ச்சியை நீ இயல்பாகக் காட்டியிருப்பதாகப் புகழ்ந்தார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். திரும்பி வரும்போது சைக்கிள்களை உருட்டிக்கொண்டு நடந்தோம்.

"வாசிச்சனியோ?" என்றாய்.

"வாசிச்சன்."

"கோவமோ?"

"மதிக்குச் சாட்சி வைச்சது ஆர்? உன்ரை கதையிலை அவளைக் காணேல்லை."

சந்திவரைக்கும் நீ சைக்கிளை வேகமாக உருட்டினாய். பிரியும் இடத்தில் நின்று சொன்னாய்: "அவளை எழுத எனக்குத் துணிவு வரேல்லையடி."

அதற்குப் பிறகு நாம் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நோய் முற்றி, உனக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்த நாட்களிலும் கதைக்கவில்லை. நான் உன்னை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

இன்று வாசித்தபோது ஒன்று புரிந்தது. மதி வளரவில்லை. கடைசிப் பக்கத்தில் நீ அவளை வேறொருத்தியாக மாற்றிவிட்டாய். மணியடிக்க முடியாத ஒருத்தியால் இருபது பேருக்கு நடுவில் கலியாணத்தை நிறுத்த முடியாது. அவளால் முடிந்தது, முதல் நாள் ஒருத்தியிடம் ரகசியமாகச் சொல்வது. அதை நான் செய்தேன். என் வளர்ச்சி அவ்வளவுதான். மிச்சத்தை, அந்த ரகசியத்தைக் கேட்டவள் செய்திருக்க வேண்டும்.

வருடம் திரும்பி உன் ஆட்டைத் திவசம் வந்த அன்று துளசி பந்தியில் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தாள். "மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கோ பிள்ளை?" என்று கேட்டேன். பக்கத்திலிருந்த உன் மச்சாள் சிரித்தாள். "பிடிக்காமல் என்ன? போட்டோவைப் பாத்திட்டு ஒரு சொல்லும் சொல்லேல்லை. பிறகென்ன?" துளசி என் குவளை நிரம்பி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. செம்போடு உள்ளே போய்விட்டாள். அத்தனை பேருக்கு முன்னால் அவளிடம் அதைக் கேட்ட நானும் அந்தப் பதிவுகாரர் மாதிரித்தான் கேட்டேன்.

இன்று திங்கள். நாளை பின்னேரம் சண்டிலிப்பாயில் உன் வீட்டுக்குப் போவேன். சட்டை தைக்கக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, அவளை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, தனியே வைத்துக் கேட்பேன். அவள் மறுமொழி சொல்ல எவ்வளவு நேரமானாலும் இருப்பேன். விருப்பம் என்றால் வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்து வைப்பேன். இல்லையென்றால், அவள் யாருக்கு முன்னாலும் தலையை நிமிர்த்தத் தேவையில்லை. அவளை என் வீட்டில் விட்டுவிட்டு, நான் திரும்பிப் போய், உன் கணவரின் முகத்தைப் பார்த்து நானே சொல்வேன்.