எங்கள் வண்டியின் சத்தம்

மார்ச் 3, திங்கள்

சந்தை நாள். எங்கள் பஸ் வண்டி பாதி காலியாகத் திரும்பி வந்தது. "ஆளே இல்லம்மா" என்றார் தாடிக்காரர். எங்கள் டிரைவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. தாடி வந்த பிறகு யாரும் அதைச் சொல்வதில்லை. சந்தை நாளில் ஆள் இல்லையாம். யார் காதில் பூச்சுற்றுகிறார்?

போன மாதம்வரை படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். இதே ரோட்டில் போட்டிக்குச் சிவப்பு வண்டி ஓட ஆரம்பித்த பிறகும் எங்களுக்குத்தான் கூட்டம். இப்போது திடீரென்று என்ன வந்தது?

பெர்மிட் கொடுக்கும் அதிகாரி சொன்னது காதிலேயே நிற்கிறது: "இந்த ரோடு ரெண்டு வண்டிய தாங்காதும்மா. மாசக் கடைசில வந்து பாப்பேன். ஜனம் எதுல ஏறுதோ அதுக்குத்தான் பெர்மிட்." பெர்மிட் போனால் எல்லாம் போச்சு. என் நகையெல்லாம் தகரமும் டயருமாகக் கொட்டகையில் நிற்கிறது.

மார்ச் 5, புதன்

தாடிக்காரரும் சிவப்பு வண்டி டிரைவரும் டீக்கடையில் ஒரே பெஞ்சில். அவன் இவருடைய தங்கை புருஷன், தெரிந்த விஷயம்தான். ஆனால் மச்சானும் மச்சானும் அவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது? என்னைப் பார்த்ததும் ஏன் எழுந்தார்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டே, "உன் சந்தேகத்துக்கெல்லாம் ஆளுக்கொரு டிக்கெட் கிழி, வண்டி நிறைஞ்சிடும்" என்கிறார். வாத்தியாருக்கு எல்லாம் விளையாட்டு.

மார்ச் 7, வெள்ளி

இன்று நானே வண்டியில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். வேவு பார்க்கத்தான், மறைப்பானேன்?

தாடிக்காரர் ஒழுங்காக ஓட்டினார். என்னை வைத்துக்கொண்டு வேறு எப்படி ஓட்டுவார்! ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் ரப்பர் பந்தை அமுக்கி ஹாரன் அடித்தார். சளி பிடித்த எருமை கத்துவதுபோல் ஒரு சத்தம், அதுதான் எங்கள் அடையாளம். மூன்று தெரு தள்ளிக் கேட்கும். கடிகாரம் இல்லாத வீடுகளில் அதைக் கேட்டுத்தான் மூட்டையைத் தூக்குவார்கள். இன்று யாரும் தூக்கவில்லை. நிறுத்தங்கள் துடைத்துவிட்டாற்போல் கிடந்தன.

பாலத்தடியில் ஒரு கோழிக்காரி மட்டும் கூடையோடு ஏறினாள். "உங்க வண்டி இப்பத்தானே போச்சு? ஹாரன் கேட்டு ஓடியாந்தேன், அதுக்குள்ள போயிடுச்சே!" என்றாள்.

நான் உட்கார்ந்திருக்கும் வண்டி எனக்கு முன்னால் எப்படிப் போகும்? யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாள். கண்டக்டர் 'வாயாடி' வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான். இவனும் கூட்டா?

மார்ச் 8, சனி

கொட்டகைப் பூட்டை மாற்றினேன். சாவி இனி என் இடுப்பில். கொழுந்தன் பழைய சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். "அண்ணி, நான் கூடவா?" கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டான்.

ஆமாம், நீ கூடத்தான். எனக்கு யாரைத் தெரிகிறது இப்போது?

மார்ச் 10, திங்கள்

சந்தை நாள். மறுபடி காலி.

கேட்டுவிட்டேன். கொட்டகை வாசலில், எல்லார் முன்னாலும். "உங்க மச்சான் எவ்வளவு குடுத்தான்?" என்று கேட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

தாடிக்காரர் கோபப்படவில்லை. தோள் துண்டால் ஸ்டியரிங்கைத் துடைத்தார். இறங்கினார். "என்னை நம்பாத வண்டிய என்னால ஓட்ட முடியாதும்மா." அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

குற்றமில்லாதவன் என்றால் ரெண்டு வார்த்தை சண்டை போட மாட்டானா? ஏன் போடவில்லை?

மார்ச் 11, செவ்வாய்

டிரைவர் இல்லை. வண்டி கொட்டகையில். பக்கத்தில் முக்காலி போட்டுக் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஹாரன் கேட்டது. என் வண்டி ஹாரன். அதே எருமை.

வண்டியைப் பார்த்தேன். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. ஹாரன் தெரு முனையில் கத்துகிறது! எதிர்வீட்டுப் பெண்கள் பையும் பிள்ளையுமாக ஓடினார்கள். நானும் செருப்பில்லாமல் ஓடினேன். சிவப்பு வண்டி. ஜனம் மொத்தமாக ஏறியது. எந்த நிறம் என்று யார் பார்க்கிறார்கள்? சத்தம் கேட்டது, வண்டி நின்றது, ஏறினார்கள்.

கோழிக்காரி பொய் சொல்லவில்லை. எங்களுக்குச் சற்று முன்னால், எங்கள் சத்தத்தில், எங்கள் ஜனத்தை அள்ளிக்கொண்டு போகிறான்.

அப்படியும் புத்தி வந்ததா? இல்லை. நாங்கள் வாங்கி வைத்த உபரி ஹாரன் கொட்டகைப் பெட்டியில் இருந்ததே, கொழுந்தன்தான் எடுத்துக் கொடுத்திருப்பான் என்று பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் இருந்தது, தூசியோடு. நிமிர்ந்தால் வாசலில் கொழுந்தன். "என்ன அண்ணி தேடுறீங்க?"

ஒன்றுமில்லை என்றேன். அவன் நம்பவில்லை. எங்கள் வீட்டில் இப்போது யாரும் யாரையும் நம்புவதில்லை.

மார்ச் 12, புதன்

ஹாரன் வாங்கிய கடைக்குப் போனேன். யார் காட்டிக்கொடுத்தது என்று கேட்டேன். கடைக்காரர் விழித்தார்.

"காட்டிக்குடுக்க என்னம்மா இருக்கு? சிவப்பு வண்டிக்காரர் வந்தாரு, உங்க வண்டில இருக்கிற மாதிரியே வேணும்னாரு. குடுத்தேன். கேட்டா குடுக்கிறதுதானே கடை?"

யாருமே இல்லை. யாரும் என்னை விற்கவில்லை. நான்தான் எல்லாரையும் ஒவ்வொருவராக வெளியே தள்ளியிருக்கிறேன். வரும் வழியெல்லாம் அழுதேன். அழுதால் ஆச்சா?

மார்ச் 13, வியாழன்

தாடிக்காரர் வீடு. அவர் மனைவி தண்ணீர் கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். "தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க. வாங்க" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா மச்சான்னும் பாத்திருக்க மாட்டேன். அவன் என்கிட்ட மூச்சு விடலை" என்றார். கயிற்றுக் கட்டிலை எனக்கு இழுத்துப் போட்டார். "வரலைம்மா. உங்களுக்குத்தான் ஓட்டச் சொல்லிக்குடுத்திருக்கேனே. ஓட்டுங்க."

காலி மைதானத்தில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கிளட்ச் என்றால் என்ன என்று தெரியாதவளை ஒரு நாள்கூடக் கடிந்து பேசியதில்லை.

மார்ச் 15, சனி

ஹாரனைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். புதிதாக வேறு வாங்கலாம். அடுத்த வாரம் அவனும் அதையே வாங்குவான். கொழுந்தன் முன்னால் இருக்கும் கம்பியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பிக் கொடுத்தான். பேசவில்லை. ஆனால் சுற்றினான்.

முதல் நிறுத்தம். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. நடுத்தெருவில் கத்திப் பழக்கமா? இரண்டாவதில் கண்ணை மூடிக்கொண்டு — ஓட்டும்போது மூடக் கூடாதுதான் — "சந்தை! ஆஸ்பத்திரி! ஏறு ஏறு!" என்று கத்தினேன். ஒரு வீட்டில் பாத்திரம் கீழே விழுந்தது. ஜன்னல்கள் திறந்தன. பொம்பளை ஓட்டுற வண்டியாம் என்று பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் ஏறிவிட்டார்கள்.

மாமியார் இரவு சொன்னது: "உன் சத்தம் நம்ம அடுப்படி வரைக்கும் கேட்டுது." திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் தெளிவா கத்து, வாசல்ல நிக்கிறவங்களுக்குப் புரியலை" என்றார்.

மார்ச் 22, சனி

தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர். கூட்டம் படிக்கட்டில்.

மார்ச் 31, திங்கள்

அதிகாரி ஏறினார். உட்கார இடமில்லை. நின்றுகொண்டே வந்தார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

பாலத்தடியில் இன்னொருவரும் ஏறினார். தாடி. வாயாடியிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு நெருக்கியடித்துப் பின்னால் போய்க் கடைசி சீட்டில் ஒண்டிக்கொண்டார். நான் வேவு பார்த்த அதே இடம். எனக்குக் கியர் கடகடவென்று கடித்தது. என்னை நோட்டம் பார்க்க வந்தாரா? சிவப்பு வண்டியில் சேர்ந்துவிட்டாரா? பாருங்கள், இன்னும் என் புத்தி!

சந்தையில் எல்லாரும் இறங்கிய பிறகு முன்னால் வந்தார். "இந்த ஹாரன அவன் எந்தக் கடையில போய் வாங்குவான்?" என்றார். தாடிக்குள் சிரிப்பு. நான் சிரிக்கப் போய் அழுதுவிட்டேன்.

"கியர இப்படி உடைக்காதீங்கம்மா, வண்டி பாவம். நாளையிலிருந்து நான் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல உட்காந்து கத்துங்க."

ஏப்ரல் 4, வெள்ளி

பெர்மிட் வந்தது. என் பெயரில். வாயாடி தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போகிறான்.

கொழுந்தன் பார்க்க, கொட்டகைச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து வாசல் ஆணியில் மாட்டினேன். இனி யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

படுக்கப்போகும் முன் ஒரு தடவை ஆணியை எட்டிப் பார்த்தேன். இருக்கிறது. கொழுந்தன் தின்பண்டம் மென்றுகொண்டே, "இருக்கு அண்ணி, போய்ப் படுங்க" என்றான்.