ராஹிலா பிள்ளையைத் தூக்கி வந்த விபரம்

காயல்பட்டணம்,
ஷஃபான் பிறை பன்னிரண்டு,
1945 ஜூலை மாதம்.

என் மகன் சாலிஹுக்கு, உம்மா ஹாஜரா பீவி சலாம் சொல்லி எழுதுவது. நானும் உன் தங்கை ராஹிலாவும் அவள் பிள்ளை ரஹ்மத்துன்னிஸாவும் இங்கே அல்லாஹ் வைத்தபடி இருக்கிறோம், நோய்நொடி ஒன்றும் இல்லை. கொழும்பில் உன் உடம்புக்கும் கடைக்கும் ஒரு குறையும் வராமலிருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கம்போல யுத்த ஆபீசில் பிரித்துப் படித்துவிட்டு ஓரத்தில் காகிதம் ஒட்டி அனுப்பியிருந்தார்கள், ஒட்டின பசையில் இரண்டு வரி போய்விட்டது, மிச்சத்தைப் படித்தேன். தூக்கம் இல்லை, கைகால் ஓய்ந்துபோகிறது, அதனால் கடைக்குப் பக்கத்தில் ஒரு தேகப்பயிற்சிக் கூடத்தில் மாதச் சந்தா கட்டிச் சேர்ந்து இரும்புக் குண்டு தூக்குகிறேன் என்று எழுதியிருந்தாய். ராஹிலாவையும் மதராசுக்கு அனுப்புங்கள், அங்கே மிஷின் வைத்துக் கைகாலுக்குப் பெலன் ஏற்றுகிற இடம் இருக்கிறது, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் எழுதியிருந்தாய். அது இனித் தேவைப்படாது மகனே. ராஹிலா இப்போது நடக்கிறாள். இதுவரை நான் உனக்கு எதையும் விபரமாக எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, எழுத உட்கார்ந்தால் கை ஓடாது, எல்லாரும் சுகம் என்று ஒரு வரி எழுதி மடித்துவிடுவேன். இன்று எழுதுகிறேன்.

உன் தம்பி யூசுபும் உன் மச்சான் அஹமது கபீரும் ஐப்பசிக் கடைசியில் தூத்துக்குடியில் தோணி ஏறினது உனக்குத் தெரியும், உன்னிடம் வரத்தான் ஏறினார்கள். தோணி மூழ்கின செய்தியும் தந்தியில் உனக்கு வந்தது. தந்தியில் இல்லாததைச் சொல்கிறேன். தோணியை ஓட்டின தண்டல் வெள்ளத்துரை மட்டும் பிழைத்துக் கரை ஏறி, தலையில் கட்டுப் போட்டபடி நம் வாசலுக்கு வந்தார். உள்ளே வர மனமில்லாமல் தெருவிலேயே நின்றார், நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "ரெண்டு பேரும் ஒடஞ்ச பாய்மரத்தத்தான் புடிச்சிருந்தாவ அம்மா. ஒங்க மருமவன்தான் தம்பியத் தோளுல தாங்கியிருந்தாவ. பெரிய அலை ஒண்ணு வந்துச்சி. அது எறங்கினப்போ பாய்மரம் மட்டுந்தான் கெடந்துச்சி" என்றார். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தனுப்பினேன். அன்று காலையில் மீன் வாங்கியிருந்தேன், அதை ஆய்ந்து குழம்பு வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று தெரியவில்லை, யாரும் சாப்பிடவில்லை. ஊர் ஜனம் பள்ளியில் கூடி உடல் இல்லாமலே இரண்டு பேருக்கும் ஜனாஸா தொழுதார்கள். பிரயாணப் பாஸ் கிடைக்காமல் நீ அங்கேயே நின்றுவிட்டாய், அதைப்பற்றி நீ வருத்தப்பட்டு எழுத வேண்டாம், வந்திருந்தாலும் செய்ய ஒன்றும் இல்லை.

ராஹிலா இத்தா உட்கார்ந்தாள். புருஷனை இழந்தவள் வீட்டுக்குள் ஒதுங்கி இருந்து துக்கம் காக்க மார்க்கம் நாலு மாதமும் பத்து நாளும் கொடுத்திருக்கிறது. மகனை இழந்த உம்மாவுக்கு மூன்று நாள்தான். நாலாம் நாள் நான் அடுக்களையில் இருந்தேன், யாராவது அடுப்பு மூட்டத்தானே வேண்டும். உன் வாப்பா மௌத்தானபோது நானும் இத்தா இருந்தவள்தான், ஆனால் அப்போது நீங்கள் மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள், ஒருவனைத் தூக்க ஒருத்தியைக் குளிப்பாட்ட என்று வீட்டுக்குள்ளேயே என் உடம்புக்கு வேலை இருந்தது. ராஹிலாவை வந்த பெண்டுகள் எல்லாரும் ஒரு துரும்பு எடுக்க விடவில்லை. அவளும் எடுக்கவில்லை. அழவும் இல்லை. கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், தண்ணீர் வேண்டும் என்றுகூடக் கேட்கமாட்டாள், கொடுத்தால் குடிப்பாள். முதலில் நின்று தொழுதாள், பிறகு உட்கார்ந்து தொழுதாள். இத்தா முடிந்து குளிப்பாட்டி முற்றத்துக்குக் கூட்டி வந்த அன்று, அடுக்களைப் படி இருக்கிறதே, அது ஒரு சாண் உயரம்கூட இல்லை, அதில் ஏற முடியாமல் அப்படியே மடிந்து உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன், தொடை என் முழங்கை அளவுக்கு வற்றியிருந்தது. தூத்துக்குடியிலிருந்து லேடி டாக்டரை வண்டி வைத்துக் கூட்டி வந்தோம். தட்டிப் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, "நோவு ஒண்ணுமில்ல, சதை கரைஞ்சுபோச்சு. மருந்து எழுத எங்கிட்ட எதுவுமில்ல. தெனமும் கைகாலுக்கு வேல குடுங்க, கொஞ்சங்கொஞ்சமாக் கூட்டுங்க. விட்டுட்டீங்கன்னா இந்தக் கட்டில்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே கபீரின் உம்மா வந்தார். அவரும் மகனைக் கடலுக்குக் கொடுத்தவர், அவரை நான் குறையாக எழுதவில்லை. "புள்ள மூக்கொழுகித் திரியிது, தூக்க ஆளில்ல. நான் கொண்டுபோறேன். இவ எந்திரிச்சி நடக்கட்டும், பொறவு பாப்போம்" என்றார். நம் ஊரில் பிள்ளை உம்மா வீட்டில்தான் வளரும், வாப்பா வீட்டுக்குக் கொண்டுபோகிற வழக்கம் எங்கே இருக்கிறது. நான் ராஹிலாவைப் பார்த்தேன், அவள் ஒரு சண்டையாவது போடுவாள் என்று நினைத்தேன். "சரி மாமி" என்றாள். அவ்வளவுதான். ரஹ்மத் அழுதுகொண்டே போனாள், பெண்கள் போகிற முடுக்கு வழியாக அந்தச் சத்தம் போய் அடங்குகிறவரைக்கும் கேட்டது. ராஹிலா சுவரைப் பார்த்தபடி இருந்தாள். தோணி போன செய்தியைவிட அந்தச் 'சரி'க்குத்தான் நான் பயந்தேன் மகனே.

மறுநாள் விடியலில் சுபுஹு தொழுதவுடன் டாக்டர் சொன்னதை ஆரம்பித்தேன். முதலில் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்து எழச் சொன்னேன். அது பழகின பிறகு பெட்டியைவிடத் தணிந்த மணைப்பலகை. அதன் பிறகு வெறுந்தரை, பிடிக்கவும் எதுவும் கிடையாது. நெல் குத்த வரும் சீனித்தாய் கடற்கரையிலிருந்து ஓர் ஓலைப்பெட்டி நிறைய மணல் கொண்டுவந்து கொடுத்தாள். பழைய தலையணை உறைகளை வெட்டிச் சின்னச் சின்னப் பையாகத் தைத்து, முதலில் கைப்பிடி மணல் போட்டு முடிந்து, இரண்டு கையிலும் கொடுத்துத் தோள்வரைக்கும் தூக்கச் சொன்னேன். வாரம் போகப்போக மணலைக் கூட்டினேன். சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்பத் தள்ளி நிமிர்வது. அப்புறம் கிணற்றில் கால் வாளி, அரை வாளி இறைப்பது. பட்டாசல் கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடப்பது. காலையில் உடன்குடிக் கருப்பட்டி போட்டு உளுந்தங்களி, கிடைத்த நாளில் ஒரு முட்டை. இவ்வளவுதான் எங்கள் மதராஸ் வைத்தியம். தூக்கு என்றால் தூக்கினாள், வை என்றால் வைத்தாள், அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. நானும் ஆசையோடு சொல்லிக்கொடுக்கவில்லை. பாத்திரம் கழுவுவதுபோல இரண்டு பேரும் அதைச் செய்தோம். பக்கத்து வீடுகளில் பேசாமல் இருப்பார்களா, "புருஷன் மௌத்தாகி வருஷம் திரும்பல, அதுக்குள்ள பயில்வான் வேலை பழகுதா" என்று ஒருத்தி முடுக்கில் நின்று சொன்னது என் காதிலும் விழுந்தது, ராஹிலா காதிலும் விழுந்தது. அதற்கும் அவளுக்குக் கோபம் வரவில்லை. நடுவில் ஒருநாள் மட்டும் பையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதெல்லாம் எதுக்கு உம்மா" என்று கேட்டாள். "அஸருக்கு முன்னாடி முடிக்கணும், தூக்கு" என்றேன். தூக்கினாள்.

உடம்பு மட்டும் அது பாட்டுக்குத் தேறி வந்தது. காலில் சதை பிடித்தது, நின்று தொழ ஆரம்பித்தாள், பட்டாசலை விட்டு முடுக்கில் நடந்தாள். போன மாதம் ஒருநாள் சாயங்காலம் அஸர் தொழுத கையோடு துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, "மாமி வீடு வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றாள். கூட வரவா என்றேன், வேண்டாம் என்றாள். போய்ச் சேர்ந்த பிறகு நடந்ததைக் கபீரின் உம்மாதான் எனக்குச் சொன்னார். ராஹிலாவைக் கண்டதும் ரஹ்மத் ஓடிவரவில்லையாம், வாப்பும்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாளாம். ராஹிலா கூப்பிடவும் இல்லை, அழவைக்கவும் இல்லை, தரையில் குத்தவைத்துக் கையை நீட்டியபடி வெகுநேரம் இருந்தாளாம். கடைசியில் பிள்ளை தானாக வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது. அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். அவருக்குப் பயம் வந்துவிட்டது. "நீ நடந்து வந்ததே பெரிய காரியம், புள்ளய நாளைக்கு நானே கொண்டாறேன் மவளே" என்று சொல்லியிருக்கிறார். "இல்ல மாமி, நான் தூக்கிக்கிடுவேன்" என்று இவள் இறங்கி நடந்துவிட்டாள். அவருக்கு மனம் கேட்கவில்லை, எங்கே விழுந்துவிடுவாளோ என்று இரண்டு கையையும் முன்னால் ஏந்திக்கொண்டு முடுக்கு நெடுக அவள் பின்னாலேயே வந்தார். நான் கதவைத் திறந்தபோது அப்படித்தான் வந்து நின்றார்கள், முன்னால் பிள்ளையோடு ராஹிலா, பின்னால் கையை ஏந்தினபடி அவர்.

ராஹிலா பிள்ளையை இறக்கி விட்டாள். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கனத்துட்டா உம்மா. இவ வாப்பா பாக்கலியே" என்றாள். சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். சாலிஹே, அத்தனை மாதமும் எங்கே இருந்தது அந்த அழுகை என்று தெரியவில்லை. நாலு வீட்டுப் பெண்டுகள் ஓடிவந்தார்கள், அழக்கூடாது புள்ள, பொறுமை, பொறுமை என்று வாயைப் பொத்த வந்தார்கள். கபீரின் உம்மா வாசலில் குறுக்கே நின்று, "அவள விடுங்க, எம் மவனுக்காக ஒருத்தி அழட்டும்" என்று எல்லாரையும் திருப்பி அனுப்பினார். பொழுது அடைந்து மஃரிபு பாங்கு சொல்கிறவரைக்கும் அழுதாள். அதற்குப் பிறகு முகம் கழுவி, தொழுது, இரண்டு தட்டுச் சோறு தின்று பிள்ளையை அணைத்துக்கொண்டு தூங்கினாள். இப்போது சில நாள் அழுகிறாள், சில நாள் பிள்ளையோடு சண்டை போடுகிறாள், அந்த முடுக்குக்காரியிடமும் நேற்று நன்றாகக் கேட்டுவிட்டாள். மணல் பையை நான் சொல்லாமலே தூக்குகிறாள், ரஹ்மத்தும் கூடவே உட்கார்ந்து எழுந்து குப்புற விழுகிறாள். பிள்ளை இங்கேதான் இருக்கும் என்று பேசி முடித்துவிட்டோம், கபீரின் உம்மா அஸருக்குப் பிறகு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

ஆகையால் நீ அந்தக் கூடத்துச் சந்தாவை நிறுத்திவிடு. அங்கே போய்த் தூக்குகிறதை உன் அறையிலேயே தூக்கலாம், கொழும்பிலும் மணல் இருக்கிறது, கடையில் சாக்கு இருக்கிறது. சுபுஹு தொழுதுவிட்டு வெறும் வயிற்றில் கொஞ்சம் தண்ணீர் குடித்து, உட்கார்ந்து எழுவதையும் சுவரைத் தள்ளுவதையும் முதலில் செய், எடுத்த எடுப்பில் கனத்தைக் கூட்டாதே, இடுப்புப் பிடித்துக்கொண்டால் அங்கே எண்ணெய் தடவ ஆள் கிடையாது. கடைக்கு டிராமில் போகாமல் நடந்து போ. சாப்பிட்டவுடன் எதுவும் செய்யாதே. நோன்பு வருகிறது, பகலில் விட்டுவிடு, இரவில் தராவீஹ் தொழுதபின் கொஞ்சமாகச் செய்தால் போதும், விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழாமல் தூங்கிவிடாதே. தூக்கம் இல்லை என்று எழுதினாயே, களைத்துப் படுத்தால் வரும், ராஹிலாவுக்கு வந்தது. எனக்கும் ஒரு குறையும் இல்லை. நெல் குத்துகிறேன், தண்ணீர் இறைக்கிறேன், படுத்தால் கண் மூடுகிறது. போன செவ்வாய்க்கிழமை ராஹிலா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உம்மா, நீங்க தம்பியப் பத்தி ஒரு வார்த்தகூடப் பேசலியே" என்று கேட்டாள். உலை கொதிக்குது என்று எழுந்து அடுக்களைக்குப் போனேன். அங்கே அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தையும் உன் கைத்தொழிலில் பரக்கத்தையும் தந்து, ஈமானோடும் சுகத்தோடும் உன்னை என் கண்முன் கொண்டுவந்து சேர்க்கட்டும், ஆமீன். ராஹிலா சலாம் சொல்லச் சொன்னாள், ரஹ்மத் மாமாவுக்கு முத்தம் என்று இந்தக் காகிதத்தில் வாயை வைத்தாள், மை கலங்கியிருப்பது அதனால்தான். பாஸ் கிடைத்தால் பெருநாளைக்கு வரப் பார். ஒன்றை மறக்காதே. ஐப்பசிக்குப் பிறகு வந்த உன் கடிதங்களில் ஒன்றில்கூட உன் தம்பி பெயர் இல்லை. எனக்காகத்தான் எழுதாமல் விடுகிறாய் என்று தெரியும். இனி எழுது. சின்ன வயதில் அவன் உன்னோடு செய்த குறும்பு எதையாவது எழுது, யூசுப் என்று பெயர் போட்டு எழுது. நான் படித்துப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் நலத்துக்கு துஆ செய்யும் உம்மா
ஹாஜரா பீவி