அக்கா கட்டிய கயிறு

நவம்பர் 26
பனிச்சறுக்கு மலை திறந்து மூன்றாம் நாள். ஆட்களை மேலே ஏற்றும் லிஃப்ட் ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது. மிசூலாவிலிருந்து வந்த கூட்டம் முழுக்க ஒரே சரிவில். மதியத்துக்குள் பனி தேய்ந்து புல் தெரிகிறது. இன்றிரவு பெரும்பனி வருமாம். ஏப்ரலிலிருந்து என் ஸ்னோபோர்டு இதற்காகத்தான் சுவரில் சாய்ந்து கிடக்கிறது.

மாரிட் அக்கா மலை ரோந்தில் வேலை செய்கிறாள்; ஆபத்தான சரிவை மூடுவது, விழுந்தவர்களை மீட்பது. சாப்பிடும்போது சொன்னாள்: "வடக்குச் சரிவுப் பக்கம் போயிடாத. மேல மெத்தை மாதிரி இருக்கும். கீழ முழுக்கக் கல்லும் விழுந்த மரமும்தான்."

"சரிங்க போலீசம்மா" என்றேன்.

நவம்பர் 27
போனேன்.

முழங்கால் வரை பொடிப்பனி. யாரும் தொடாதது. சரிவு மூடியிருக்கிறது என்று குறுக்கே கயிறு. காலையில் அதைக் கட்டியது அக்கா என்று தெரியும். குனிந்து நுழைந்தேன். பலகைக்கடியில் சத்தமே இல்லை, மேகத்தில் போகிற மாதிரி. வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு பலகை கல்லில் உரசியது. விழுந்தேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மேலே அக்காவின் விசில். "அங்கயே நில்லு! அசையாத!" என் தடத்தைப் பிடித்தே இறங்கி வந்தாள். நான் தாண்டி வந்த ஒரு மேட்டில் அவளுடைய சறுக்குக்கட்டை சிக்கியது. பனிக்கடியில் மரம். கால் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது—

ரோந்துக்காரர்கள் வந்து அவளை ஸ்லெட் வண்டியில் வைத்துக் கட்டியதும் என்னைக் கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்கக் குனிந்தேன். கையை நீட்டினாள்.

"உன் லிஃப்ட் பாஸக் குடு."

"அக்கா..."

"குடுடி. நான் இன்னும் டூட்டியிலதான் இருக்கேன்."

கொடுத்தேன். ரோந்துத் தலைவர் ஹாலிஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

நவம்பர் 28
அக்காவின் காலில் தகடு வைத்திருக்கிறார்கள். இந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்குச் சறுக்கும் இல்லை, ரோந்தும் இல்லை.

பில்லிங்ஸிலிருந்து அம்மா போன் செய்தாள். "எப்படிடி ஆச்சு?" வேலையில் விழுந்துவிட்டாள் என்றேன். பொய் இல்லையே? பொய்தான்.

டிசம்பர் 3
காப்பிக் கடையில் ஹாலிஸும் ரோந்துக்காரர்களும். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. "மாரிட்டுக்கு வலி எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 19
அக்காவைத் தலைக்குக் குளிப்பாட்டினேன். "மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்காத. வலிக்கிறது எனக்கு. நீ அழுதா உன்னையும் நான்தான் தேத்தணும்" என்றாள்.

என் குற்ற உணர்ச்சியையும் அவள்தான் சுமக்க வேண்டுமா? சீ.

டிசம்பர் 24
அம்மா வந்திருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தாள்: "எல்லாம் அந்த ஹாலிஸால வந்தது. என் பொண்ண ஆபத்தான இடத்துக்கு அனுப்பிட்டு, அவன் சொகுசா உக்காந்திருக்கான்."

 அக்கா என்னைப் பார்க்கவில்லை. உருளைக்கிழங்கை முள்கரண்டியால் மசித்துக்கொண்டே இருந்தாள்.

"அவர் இல்லம்மா. மூடின சரிவுல நான் போனேன். என்னைக் கூட்டிட்டு வரத்தான் இவ வந்தா."

 அம்மா என் தட்டில் ஒரு துண்டு இறைச்சி வைத்தாள்.  

ஜனவரி 30
பெரும்பனி. ஊரே மலையில். நான் வாசலில் பனி அள்ளினேன்.

ஏப்ரல் 17
சீசன் முடிந்து லிஃப்டை நிறுத்தி ஒரு வாரமாகிறது. எளிய சரிவு மட்டும் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "கிளம்பு" என்றாள் அக்கா.

குழந்தைகள் பழகும் சரிவில் நடந்தே ஏறினோம். அவள் சறுக்குக்கட்டைகளையும் நானே தூக்கிக்கொண்டேன். வேறு ஆளே இல்லை. மாட்டும்போது அவள் விரல்கள் தடுமாறின. பார்க்காத மாதிரி இருந்தேன்.

"நீ முன்னாடி போ."

"நான் பின்னால வரேனே..."

"முன்னாடி போடி. உன் தடத்துலயே வரேன்."

இறங்கினேன். ஒவ்வொரு மேட்டையும் சுற்றிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து. பின்னால் அவள் கட்டைகள் பனியைக் கீறும் சத்தம்.

"ஏய், தூங்கிட்டியா? கொஞ்சம் வேகமாத்தான் போயேன்!"

நான் வேகம் எடுக்கவில்லை.